விசைத் தெளிப்பான் பம்புகளின் கோளாறுகளும் பரிகாரமும் - உப்பளக் கரைக் கிராமங்களுக்கு

விழுப்புரம் ஜில்லாவின் கீழ்க்கரையில், பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியையும் கழுவெளியையும் அடுத்துள்ள மரக்காணம் வட்டாரத்தில் உப்பளமும் விளைநிலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே கிடக்கின்றன. தை பிறந்ததும் ஒருபுறம் பாத்திகளில் உவர் நீர் கட்டப்படுகிறது. மறுபுறம் மணற்பாங்கான நிலங்களில் தர்ப்பூசணிக் கொடி படர்ந்து பூவெடுக்கிறது. இவ்விரு தொழில்களுக்கும் பொதுவாக அமைந்துவிட்ட யந்திரம் ஒன்று உண்டு. பவர் ஸ்பிரேயர் என்று எல்லோரும் வழங்கும் விசைத் தெளிப்பானே அது. காலையில் பயிருக்கு மருந்து தெளிப்பதும், மாலையில் டிராக்டர் சக்கரத்துச் சேற்றைக் கழுவுவதும், உப்பளத்து ஆயில் எஞ்சினின் மேல் படிந்த உப்பைப் பீச்சிக் களைவதும் இந்த ஒரே யந்திரந்தான். சாலையோரத்துத் தண்ணீர் சர்வீஸ் கடைகளில் மோட்டார் வாகனங்களைக் கழுவும் பம்பும் இதே ஜாதியைச் சேர்ந்ததாகும்.

இவ்வாறு பல வேலைகளுக்கு ஆளாகும் பம்பு, இக்கரையில் பிற இடங்களைக் காட்டிலும் சீக்கிரம் கெடுகிறது. அது கெடும் காலமோ பெரும்பாலும் மருந்து தெளிக்க வேண்டிய அவசர காலமாகவே இருக்கிறது. தர்ப்பூசணியில் இலைப்பேன் பரவும்போது நான்கு நாள் தாமதித்தால், அப்பூச்சி சுமந்து வரும் மொட்டுக் கருகல் நோய் கொடியைப் பற்றிக்கொள்ளும். அந்த நோய் கண்டபின் அதற்கு மருந்தில்லை. ஆகையால், பம்பை மெக்கானிக்கிடம் அனுப்புமுன் கோளாறு எவ்விடத்தில் உள்ளதென்று நிலத்திலேயே கண்டறியக் குடியானவர் ஒவ்வொருவரும் கற்றிருத்தல் அவசியம். இதற்கு வேண்டிய கருவிகள் ஒரு கேனும் ஒரு கைக்கடிகாரமுமே.

பம்பின் அமைப்பு

இப்பம்பினுள் மூன்று பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னும் பின்னும் ஓடுகின்றன. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தண்ணீரை உள்ளே விடும் வால்வு ஒன்றும், வெளியே தள்ளும் வால்வு ஒன்றும், ஆக ஆறு வால்வுகள் உண்டு. பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் பின்புறம் கசியாதபடி ரப்பர் அல்லது துணி கலந்த பாக்கிங்கு இறுக்கமாக அமைக்கப்பட்டிருக்கும். ஓடும் தண்டைச் சுற்றி இவ்வாறு பாக்கிங்கு அமைக்கும் யுக்தி புதிதன்று. இங்கிலாந்தில் சாமுவேல் மார்லண்ட் என்பவர் 1675-ல் உரிமைச் சாசனம் பெற்ற பம்பிலேயே அது காணப்பட்டது. பாக்கிங்குக்குப் பின்னால், எண்ணெயில் தோய்ந்தபடி கிராங்கு சுழலும் பெட்டி இருக்கிறது. வெளிவாயிலில் அழுத்தத்தை அளவு படுத்தும் ரெகுலேட்டரும், மிகுந்த தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் ஹோஸும், துடிப்பைத் தணிக்கும் காற்றறையும், அழுத்தமானியும் பொருத்தப்பட்டிருக்கும்.

இங்கே முக்கியமாக மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பம்பு அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. நிமிஷத்திற்கு இத்தனை லிட்டர் என்று தண்ணீரைத் தள்ளுவது மாத்திரமே அதன் தொழில். அந்தத் தண்ணீர் நாஸிலின் சிறு துவாரத்தில் நெருங்கிப் புகும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. எனவே, அழுத்தமானியின் முள் தாழ்ந்துவிட்டதென்ற ஒரே காரணத்தால் பம்பைக் குறை கூறுதல் தவறு. முதலில் தண்ணீரின் அளவைப் பார்க்க வேண்டும். அழுத்தத்தைப் பிறகு பார்க்க வேண்டும்.

கேன் பரீட்சை

தெளிக்கும் ஹோஸின் நுனியிலுள்ள துப்பாக்கியைக் கழற்றிவிட்டு, ஹோஸின் வாயை அளவு தெரிந்த கேனில் விடுக. திரும்பு ஹோஸின் வாய் கண்ணுக்குத் தெரியும்படி தொட்டியின் மேல் வைக்கப்பட வேண்டும். அழுத்தக் கைப்பிடி வேலை நிலையில் இருக்கட்டும். எஞ்சினை வழக்கமான வேகத்தில் ஓடவிட்டுக் கேன் நிரம்பும் நேரத்தைக் கணக்கிடுக. பம்பின் தகட்டில் நிமிஷத்திற்கு 20 லிட்டர் என்று குறித்திருந்தால், 20 லிட்டர் கேன் 60 விநாடியில் நிரம்புதல் வேண்டும். 65 அல்லது 70 விநாடி ஆகித் தண்ணீர் ஒரே சீராக விழுமாயின், பெல்டு வழுக்குகிறது அல்லது பாக்கிங்கு தேயத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். சரியாக 90 விநாடி ஆகி, தண்ணீரும் விட்டு விட்டுத் துடித்து விழுமாயின், மூன்று பிஸ்டன்களில் ஒன்று வேலை செய்யவில்லை. மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீரே வருகிறது. ஹோஸின் வாய் திறந்திருக்கையிலேயே திரும்பு ஹோஸிலும் தண்ணீர் ஓடுமாயின், ரெகுலேட்டரின் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டிருக்கிறது. கேன் உரிய நேரத்தில் நிரம்பிவிட்டால் பம்பு நல்ல நிலையில் இருக்கிறது. கோளாறு நாஸிலிலோ ரெகுலேட்டரிலோ இருப்பதாகும்.

ஐந்து நிமிஷ வேலையாகிய இப்பரீட்சையைச் செய்யாமலே பாக்கிங்கு மாற்றுவதும், வால்வு மாற்றுவதும், இறுதியில் புதுப் பம்பு வாங்குவதும் சாதாரணமாகக் காணப்படும் வீண்செலவாம்.

உறிஞ்சும் பக்கம்

கேனில் தண்ணீர் குறைந்து விழுந்தால் உடனே பம்பைத் திறக்கலாகாது. தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கிப் பம்பை நோக்கி வர வேண்டும். வலைக்கூடையில் பாசியும் இலைத் துணுக்கும் அடைத்திருக்கின்றனவா, உறிஞ்சு ஹோஸ் வெயிலில் இளகித் தட்டையாகிவிட்டதா, மூட்டுகளின் வாஷர் வெடித்திருக்கிறதா என்பவற்றை வரிசையாகப் பார்த்து வருக. அழுத்தமானியின் முள் ஒழுங்கின்றி நடுங்குவதும், திரும்பு ஹோஸில் குமிழிகள் வருவதும் காற்றுப் புகுதலின் அடையாளங்கள். பம்பு ஓடும்போது ஒவ்வொரு மூட்டின் மேலும் சிறிது தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். எந்த மூட்டில் ஊற்றும்போது சத்தம் மாறுகிறதோ அந்த மூட்டுதான் காற்றை இழுக்கிறது. பம்பினுள் சரளைக்கல் உருள்வது போன்ற ஓசை எழுந்தால், தண்ணீர் போதாமல் அது தவிக்கிறது என்று அறிந்து உடனே நிறுத்துக. அவ்வோசையுடன் ஓடும் பம்பின் வால்வுகளும் தலைப்பகுதியும் அரிக்கப்பட்டுவிடும்.

ஆழக் கிணற்றிலிருந்து இப்பம்பினால் நேரே இறைக்க முயல்வது கூடாது. எந்தப் பம்பும் உறிஞ்சும் உயரத்திற்கு, கணக்கின்படியே நல்ல தண்ணீரில் சுமார் 34 அடிதான் எல்லை. நடைமுறையில் அதனினும் மிகக் குறைவு. உப்புப் படியும் நிலையிலுள்ள உவர் நீர் நல்ல தண்ணீரைப்போல் 1.2 மடங்கு கனமுடையதாகையால், அதற்குக் கணக்கின் எல்லையே 28 அடியாகக் குறைந்துவிடும். உப்பளங்களில் சித்திரை மாதத்தில் பம்பு திடீரென்று இழுக்கவில்லை என்று சொல்வதற்கு, நீர்மட்டம் தாழ்ந்ததோடு இக்கனமும் ஒரு காரணமாகும். விசைத் தெளிப்பானைப் பொறுத்தவரை, தொட்டியைப் பம்பின் மட்டத்திலோ சற்று உயரத்திலோ வைப்பதே முறை.

வால்வுகள்

உறிஞ்சும் பக்கம் செம்மையாக இருந்தும் கேன் 90 விநாடி எடுத்துக்கொண்டால் வால்வு மூடிகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்குமுன் எஞ்சினை நிறுத்தித் துப்பாக்கியை அழுத்தி, உள்ளே அடைபட்ட அழுத்தத்தை முற்றும் வெளியேற்றுதல் அவசியம். மருந்து தெளித்த பம்பாயின் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிய பின்னரே, கையுறை அணிந்து திறக்க வேண்டும். எடுத்த வால்வுகளை ஒரு துணியின்மேல் எடுத்த வரிசையிலேயே வைத்திடுக. மணல், நார், உப்புக்கட்டி ஆகியவற்றுள் ஒன்று வால்வைத் தாங்கிப் பிடித்திருப்பதே பெரும்பாலும் காணப்படும் குறை. சில சமயம் ஸ்பிரிங்கு முறிந்திருக்கும். வால்வு அமரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அதைத் தேய்த்துச் சமப்படுத்த முயலாமல் மாற்றிவிடுவது நன்று. கேன் உரிய நேரத்தில் நிரம்பியும், ஹோஸ் பாம்பைப்போல் துள்ளுமாயின், குறை வால்வில் அன்று. காற்றறை காற்றை இழந்திருக்கிறது.

நாஸிலும் ரெகுலேட்டரும்

மூன்று ஏக்கர் தர்ப்பூசணி பயிரிட்ட குடியானவர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். சென்ற வருஷம் மூடுபனி போல் வீழ்ந்த மருந்து இவ்வருஷம் துளித்துளியாக விழுகிறது. அழுத்தமானியின் முள்ளும் தாழ்ந்துவிட்டது. அவர் ரெகுலேட்டரின் திருகை இறுக்குகிறார், பயனில்லை. மேலும் இறுக்குகிறார், ஸ்பிரிங்கு முழுதும் நெருங்கிவிடுகிறது. அப்போதும் முள் ஏறவில்லை. பம்பு தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்.

உண்மையில் தேய்ந்தது நாஸில் மாத்திரமே. தண்ணீரில் கரையாமல் கலந்து நிற்கும் பொடி மருந்துகள் நாஸிலின் துவாரத்தை மெல்லிய அரம்போல் ராவி விடுகின்றன. 1 மில்லிமீட்டராக இருந்த துவாரம் 1.1 மில்லிமீட்டர் ஆனாற் போதும். அதே அளவு தண்ணீர் அதன் வழியே செல்லும்போது அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத தேய்வு இவ்வளவு நஷ்டத்தை உண்டாக்குகிறது. இதைக் கண்டறிய எளிய வழி யாதெனில், தெளிக்கும்போது திரும்பு ஹோஸைப் பார்ப்பதே. கேன் பரீட்சையில் தேறிய பம்பாயிருந்தும், வேலையின்போது திரும்பு ஹோஸ் வறண்டு கிடந்தால், பம்பு தள்ளும் தண்ணீர் முழுதும் அகன்ற நாஸிலின் வழியே போய்விடுகிறது என்பது தெளிவு. திருப்பிவிட மிச்சத் தண்ணீரே இல்லாதபோது ரெகுலேட்டரை இறுக்கி என்ன பயன்?

பயனின்மையோடு நில்லாமல் அபாயமும் இதில் உண்டு. அவ்வாறு இறுக்கிய ரெகுலேட்டரோடு மறுநாள் புது நாஸிலைப் பூட்டினாலும், துப்பாக்கியைச் சட்டென மூடினாலும், அழுத்தம் எல்லை கடந்து ஏறி ஹோஸை வெடிக்கச் செய்யும், பாக்கிங்கைப் பிய்க்கும். ஆகவே, நாஸில் மாற்றுமுன் திருகைத் தளர்த்திவிட்டு, பின்னர் அழுத்தமானியைப் பார்த்துச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொள்க. நாஸிலின் அடைப்பை நீக்கக் கம்பியோ ஊசியோ விடுவது துவாரத்தைக் கெடுக்கும். மெல்லிய தூரிகையும் தண்ணீருமே போதும். வாயினால் ஊதும் பழக்கம் அறவே ஒழிய வேண்டும்.

பாக்கிங்கும் எண்ணெயும்

தலைப்பகுதிக்கும் கிராங்குப் பெட்டிக்கும் இடையே தண்ணீர் எப்போதாவது ஒரு சொட்டு விழுவது பிழையன்று. இடைவிடாது ஒழுகுமாயின் பாக்கிங்கு தேய்ந்தது. கிரீஸ் கிண்ணம் வைத்த பம்புகளில், கம்பெனியார் சொல்லும் கால அளவுப்படி அக்கிண்ணத்தைத் திருகி வருவதனால் பாக்கிங்கின் ஆயுள் நீடிக்கும். எண்ணெய் காட்டும் கண்ணாடியில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டதென்று பொருள். அந்த எண்ணெயோடு இன்னும் ஒரு நாள் ஓட்டிவிடலாம் என்று எண்ணலாகாது. வேலையை நிறுத்தி, எண்ணெயை வடித்து, கசிவைச் சரிசெய்து, புது எண்ணெய் விடுதல் வேண்டும். பாக்கிங்கு மாற்றும்போது பிஸ்டனின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடைபடும் கீறல் இருக்குமாயின், புதுப் பாக்கிங்கு சில நாளிலேயே பழைய கதியை அடையும்.

உவர் நீரினால் விளையும் கேடு

இதுவரை கூறியவை எவ்வூருக்கும் பொருந்தும். மரக்காணம் கரையில் பம்புகள் விரைவிற் கெடுவதற்குத் தனிக் காரணம் உப்பே. கடல் நீர் போமே மானியில் சுமார் 3 டிகிரி காட்டும். பாத்திகளில் காயக் காய அது ஏறி, முதலில் சுண்ணாம்புச் சத்தும், சுமார் 13 டிகிரிக்கு மேல் ஜிப்சமும், 25 டிகிரியை எட்டும்போது சோற்றுப்பும் படிகின்றன. வெயிலில் பாத்தி நடத்தும் இதே காரியத்தை, நிறுத்தி வைத்த பம்பின் உள்ளறையும் சிறிய அளவில் நடத்துகிறது. உவர் நீர் தேங்கிய பம்பு இரண்டு வாரம் கிடந்தால், நீர் ஆவியாகி வால்வின் வாயிலும் பாக்கிங்கின் உதட்டிலும் படிகம் முளைக்கிறது. பிறகு எஞ்சினை ஓட்டினதும், அப்படிகங்கள் உப்புக்காகிதம்போல் பாக்கிங்கை அறுத்துவிடுகின்றன.

உலோகத்திற்கு நேரும் கேடு இதனினும் பெரிது. துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி ஏமாறுதல் கூடாது. தேங்கிய உப்பு நீரிலுள்ள குளோரைடு அந்த எஃகையும் ஊசி முனைபோல் குத்திப் பள்ளமாக்கும். பித்தளைத் தலையும் அலுமினியப் பெட்டியும் தொடும் இடத்தில் உப்பு நீர் நின்றால், மின்கலத்தில் நிகழ்வதுபோல் அலுமினியம் கரைந்துபோகும். தாமிரம் கலந்த பூஞ்சாண மருந்துகளைக் கழுவாமல் விடுவதனாலும் இக்கேடே விளையும்.

ஆதலால், உப்பளத்து எஞ்சினைக் கழுவுவதாயினும் பாத்தி நீரை இப்பம்பில் விடலாகாது. உவர் நீர் இறைப்பதற்கென்று அமைந்த பம்புகள் வேறு. தொலைவிலிருந்தேனும் நல்ல தண்ணீர் ஒரு பீப்பாய் கொண்டுவருவது, பம்பின் தலையை மாற்றும் செலவைக் காட்டிலும் குறைவே. கோடையில் கிணற்று நீரும் உவர்த்துவிடும் ஊர்களில் அந்நீரை மண் பரிசோதனை நிலையத்தில் காட்டித் தெரிந்துகொள்ளுதல் நலம். நீரின் தன்மை மருந்தின் வேகத்தையும் கெடுக்கக்கூடும்.

வேறு வழியின்றி உவர் நீரை உபயோகித்த நாளில், வேலை முடிந்தவுடனே, பொழுது சாய்ந்துவிட்டதென்று மறுநாளைக்கு விடாமல், நல்ல தண்ணீரை ஐந்து நிமிஷம் ஓட்ட வேண்டும். துப்பாக்கி, திரும்பு ஹோஸ் இரண்டின் வழியாகவும் அது ஓடட்டும். பின்பு எஞ்சினை நிறுத்தி, பெல்டு சக்கரத்தைக் கையால் பல முறை சுற்றி உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்றுக. தண்ணீரின்றி எஞ்சின் விசையால் ஓட்டினால் பாக்கிங்கு கருகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் சோற்றுப்பைக் கரைத்துக்கொள்ளுமாகையால் புதிய படிகம் இவ்வொரு கழுவலிலேயே போய்விடும். ஜிப்சம் அப்படியன்று, லிட்டருக்கு 2 கிராம் அளவே கரையும். வால்வில் வெண்படிவு நிற்குமாயின் அதன்மேல் எலுமிச்சைச் சாற்றில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் அது சுண்ணாம்புப் படிவு. வால்வை நீர்த்த புளிக்காடியில் சிறிது நேரம் வைத்துக் கழுவினால் நீங்கும். நுரைக்காவிடில் ஜிப்சம் என்று கொண்டு, மரக்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இரும்பு உளி வைத்தால் வால்வின் வாய் கெட்டுப்போம்.

வெள்ளத்தில் மூழ்கிய பம்பு

2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயலும் இக்கரையைத் தாக்கின. இத்தகைய காலங்களில் கொட்டகையில் வைத்த யந்திரங்கள் சேறும் உப்பும் கலந்த நீரில் மூழ்குவதுண்டு. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா பார்க்கலாம் என்று எஞ்சினை இழுப்பதே பெரும் பிழை. மூழ்கியது சில மணி நேரமாயினும், முதலில் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவி, பம்பின் எண்ணெயையும் எஞ்சின் எண்ணெயையும் வடித்து, புது எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, மறுபடியும் அவ்வெண்ணெயை வடித்துப் பார்க்க வேண்டும். வெண்மை சிறிதும் தோன்றாதவரை இதைத் திரும்பச் செய்க. மின்சார மோட்டாராயின் நன்றாய் உலர்த்தி, மின் தொழிலாளி பரீட்சித்த பின்னரே இணைப்புக் கொடுத்தல் வேண்டும். ஈரத் தரையில் வேலை செய்யும் இந்த யந்திரத்திற்கு எர்த் இணைப்பும், மின்கசிவு கண்டவுடன் துண்டிக்கும் சுவிச்சும் இன்றியமையாதன. கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்தாரும் சேதக் கணக்கு எழுதும்போது, மூழ்கிய யந்திரங்களை உடனே கழுவி எண்ணெய் மாற்றும்படி குடியானவர்களுக்குச் சொல்லிவைத்தல் பெரிதும் உதவும். பார்வையிட வருவோருக்குக் காட்டுவதற்கென்று சேற்றோடு வைத்திருந்து, சரிசெய்யக் கூடியதைப் பழைய இரும்பாக்கிக்கொள்வோர் உண்டு. கழுவுமுன் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

எச்சரிக்கை

துப்பாக்கியின் தாரையைக் கையால் தடுத்துப் பார்ப்பதும், சிறுவர்மேல் விளையாட்டாகப் பீச்சுவதும் கொடிய அபாயத்தை விளைவிக்கும். மிகுந்த அழுத்தமுள்ள தாரை தோலைத் துளைத்து உள்ளே நீரையும் மருந்தையும் செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளியே தெரியும். வலியும் முதலில் அற்பமாக இருக்கலாம். அதைப் பாராட்டாமல் விட்டவர் விரலையோ கையையோ இழக்க நேரிடும். உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று, எவ்வித யந்திரத்தால், எந்த மருந்தினால் நேர்ந்தது என்பதை டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும்.

பருவம் முடிந்து பம்பை எடுத்து வைக்கையில், கழுவி உலர்த்திய வால்வு அறைகளில் சிறிது எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றி வைக்கலாம். பாக்கிங்கையும் வாஷர்களையும் மண்ணெண்ணெயில் ஊறவைக்கும் வழக்கம் தவறானது. பல ரப்பர் வகைகள் அதில் உப்பிவிடும். ரெகுலேட்டரின் ஸ்பிரிங்கு தளர்த்தப்பட்ட நிலையில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றி வந்தால் பாக்கிங்கு பிஸ்டனோடு ஒட்டிக்கொள்ளாது. வால்வு ஒரு ஜோடி, ஸ்பிரிங்கு இரண்டு, பாக்கிங்கு ஒரு செட்டு, நாஸில் இரண்டு, பெல்டு ஒன்று ஆகியவற்றைப் பம்பின் தகட்டு எண்ணோடு பொருந்த முன்னதாகவே வாங்கி, தை பிறப்பதற்குள் வீட்டில் வைத்திருத்தல் வேண்டும்.